பார்க்க வேண்டிய இடம்

சுற்றுலா வழிகாட்டி நூல் எதை எடுத்தாலும் அதில் ஓர் அத்தியாயத்திற்குத் தவறாமல் இந்தத் தலைப்பு இருக்கும்: ‘பார்க்க வேண்டிய இடங்கள்’. சேலம், நாமக்கல் பகுதிக்கு வருகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் ஏறத்தாழ மனப்பாடம். ஏற்காட்டு மலையும் ஏரியும், நாமக்கல் பாறைக்கோட்டையும் அதன் அடியில் கூரையின்றி வானம் பார்த்து நிற்கும் பதினெட்டடி ஆஞ்சநேயரும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையும் ஆகாய கங்கை அருவியும், தாரமங்கலத்துக் கற்சிற்பங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக மேட்டூர் அணை. கோடை விடுமுறையில் நம் பங்கு இளைஞர்களும் மறைக்கல்வி மாணவர்களும் வேன் பிடித்துச் சென்று வருகிற இடங்கள் இவையே.

இந்தத் தலைப்பிலுள்ள ‘வேண்டிய’ என்னும் சொல்லை நாம் கவனிப்பதில்லை. செய்ய வேண்டிய கடமை, கொடுக்க வேண்டிய கடன் என்று சொல்லும்போது அச்சொல் ஒரு பொறுப்பைச் சுட்டுகிறது. பார்க்க வேண்டிய இடம் என்னும்போது மட்டும் அது வெறும் பரிந்துரையாகச் சுருங்கிவிடுகிறது. ஓர் இடத்தைப் பார்ப்பதனால் பார்ப்பவனுக்குப் பொறுப்பு ஏதேனும் உண்டாகுமா? நுழைவுக் கட்டணம் செலுத்திய பின்னரும் அவன் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று எஞ்சி நிற்குமா? இந்தக் கேள்வியை மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில் நின்று கேட்டுப்பார்க்க விரும்புகிறேன்.

அணையின் நன்மை

மேட்டூர் அணையைக் குறைகூறுவதற்காக இதை எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டைத் தொடர்ந்து, 1925இல் தொடங்கிய வேலை 1934இல் நிறைவுற்றது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஆளுநர் ஸ்டான்லி அணையைத் திறந்துவைத்தார். ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று அவர் பெயரே அதற்கு நிலைத்தது. நம் சேலம் மறைமாவட்டம் உருவான 1930ஆம் ஆண்டில் அந்தச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நீளம் 5,300 அடி. உயரம் 214 அடி. நீர்மட்டம் 120 அடியை எட்டினால் 93.47 டி.எம்.சி. நீர் அதில் நிற்கும். ஓராண்டு வெள்ளத்தில் அழிந்தும் மறு ஆண்டு வறட்சியில் வாடியும் தவித்த காவிரிப் படுகைக்கு அது ஓர் ஒழுங்கைத் தந்தது. ஏறத்தாழ 16 இலட்சம் ஏக்கர் நிலம் அந்த நீரை நம்பியிருக்கிறது. கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் வழியாகச் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கரும் பாசனம் பெறுகிறது. நம் வீட்டு உலையில் வேகும் அரிசியில் மேட்டூர் நீர் கலந்திருக்கிறது.

1954ஆம் ஆண்டில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் பகுதியைத் திறந்துவைத்த பிரதமர் நேரு, இத்தகைய அணைகளைப் புதிய காலத்தின் கோயில்களாகக் கண்டார். பசித்த நாடு ஒன்றின் தலைவர் அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. ஆயினும் மேட்டூரில் அந்த உவமை வேறொரு பொருளும் தருகிறது. அங்கே புதிய கோயிலின் நீருக்கடியில் பழைய கோயில்கள் கிடக்கின்றன.

நீருக்கடியில் ஓர் ஊர்

அணை நிரம்பத் தொடங்கியபோது காவிரிக் கரையிலிருந்த பல ஊர்கள் நீரில் மூழ்கின. மக்கள் மாட்டையும் மூட்டையையும் ஓட்டிக்கொண்டு மேட்டு நிலங்களுக்கு ஏறினார்கள். கொளத்தூரை அடுத்த பண்ணவாடிப் பரிசல் துறைக்கு அருகே, அப்படி மூழ்கிய ஊரின் அடையாளங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்று, ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி. மற்றொன்று, இரட்டைக் கோபுரம் கொண்ட கிறிஸ்தவ ஆலயம். அணை நிறைந்திருக்கும்போது இரண்டும் கண்ணில் படா. நீர் இறங்க இறங்க முதலில் உச்சி தெரியும். பிறகு கோபுரம் தெரியும். கொடிய வறட்சியில் அடிவரை தரை காய்ந்து, பிளந்த வண்டல்மீது நாம் நடந்தே செல்லலாம். 2017ஆம் ஆண்டு வறட்சியிலும் 2024ஆம் ஆண்டுக் கோடையிலும் செய்தித்தாள்களில் அந்தப் படங்கள் வந்தன. படம் வந்த மறுநாள் முதல் கூட்டம் வந்தது.

இதிலுள்ள முரணை எண்ணிப்பாருங்கள். தஞ்சை உழவன் நாற்றுவிட நீரின்றிக் கலங்கும் ஆண்டே நாம் கோபுரத்தைக் காண வாய்க்கும் ஆண்டு. அவன் மகிழும் ஆண்டில் அது மறைந்துவிடும். 2024 ஜூலைத் தொடக்கத்தில் 40 அடி அளவில் கிடந்தது நீர்மட்டம். வழக்கமாக ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறக்கப்படும் அணை அவ்வாண்டு அந்நாளில் திறக்கப்படவில்லை. பிறகு கர்நாடகத்தில் மழை பெய்து, அந்த ஜூலை முடியுமுன்பே நீர் 120 அடியைத் தொட்டது. கோடையில் மக்கள் நின்று படமெடுத்த இடம் மீண்டும் ஆழத்துக்குள் போயிற்று.

அந்தக் கோடையில் நானும் போயிருந்தேன். பரிசல் துறையில் மீன் வறுக்கும் மணம், வண்டிகள், கைப்பேசிகள். கோபுரத்தை நோக்கி நடந்த கூட்டத்தில் முதியவர் ஒருவர், கொஞ்ச தூரத்துக்கு முன்பே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். தரையோ சுடுகிறது. ‘ஏனய்யா, கால் சுடாதா?’ என்றேன். ‘எங்க தாத்தா ஊருங்க இது. இதுக்குள்ளதான் எங்கயோ அவங்க வாசல் இருக்குது. செருப்போட எப்படிங்க மிதிக்கிறது?’ என்றார். அவர் நந்தி பக்கம் போகிறவரா, கோபுரத்தின் பக்கம் போகிறவரா என்று நான் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்திலிருந்து விலகிப் போய்த் தனியே நின்றார். அதைக் கேட்ட இளைஞருள் சிலர் தாமும் செருப்பைக் கழற்றினர், சிலர் சிரித்தனர். நான் என்ன செய்தேன் என்று வாசகர் கேட்கக்கூடும். வேண்டிய படங்களையெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் கழற்றினேன். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

உலகெங்கும் மூழ்கிய மணிக்கூண்டுகள்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இத்தாலியின் வடகோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் குரோன் என்னும் சிற்றூர் இருந்தது. மின்சாரத்துக்காக எழுப்பிய அணை 1950ஆம் ஆண்டில் நிரம்பியபோது 163 வீடுகள் அழிந்தன. பதினான்காம் நூற்றாண்டு மணிக்கூண்டு மட்டும் ரேசியா ஏரியின் நடுவே இன்றும் நிற்கிறது. குளிர்காலத்தில் அதன் மணியோசை கேட்பதாக ஒரு கதை உண்டு. உண்மையில் நீர் ஏறுமுன்பே மணிகளை இறக்கிவிட்டனர். ஐரோப்பாவில் மிகுதியாகப் படமெடுக்கப்படும் காட்சிகளுள் ஒன்று அது. இரஷியாவில் வோல்கா ஆற்றின்மீது கல்யாசின் நகரத்து மணிக்கூண்டு அவ்வாறே நீரில் நிற்கிறது. அருகே கருநாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ஷெட்டிஹள்ளி என்னும் இடத்தில், பிரெஞ்சு மறைப்பணியாளர்கள் 1860களில் எழுப்பிய செபமாலை ஆலயம் ஹேமாவதி அணை நீரில் மழைக்காலம்தோறும் பாதி மூழ்கி எழுகிறது. திருமணப் படம் எடுப்பவர்கள் அங்கே வரிசையில் நிற்கிறார்கள்.

நம் தனுஷ்கோடியிலும் இடிந்த ஆலயம் ஒன்று உண்டு. அதையும் பார்க்கப் போகிறோம். ஆனால் 1964 டிசம்பரில் அந்த ஊரை அழித்தது புயல். புயல் யாரையும் கலந்து முடிவெடுப்பதில்லை. அதனிடம் நியாயம் கேட்கவும் முடியாது. மேட்டூரில், குரோனில், ஷெட்டிஹள்ளியில் அழிவு ஒரு மேசைமீது வரைபடத்தை விரித்து எடுக்கப்பட்ட முடிவு. எனவே அங்கே இரக்கம் மட்டும் போதாது. அறத்தைப் பற்றிய கேள்வி எழுகிறது. பலர் வாழ்வதற்காகச் சிலரது ஊரை எடுத்துக்கொள்வது நீதியா?

கயபாவின் வாதம்

இக்கேள்விக்கு உடனே வரும் விடை எண்ணிக்கை. மூழ்கியவை சில ஊர்கள்; வாழ்ந்தவையோ பல்லாயிரம் ஊர்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். அறிவுக்குப் பொருத்தமாகவே தோன்றும் இந்த வாதத்தை யோவான் நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் ஒருவர் முன்வைக்கிறார். அவர் தலைமைக் குரு கயபா. இனம் முழுவதும் அழிவதைவிட மக்களுக்காக ஒருவர் இறப்பது நலம் என்பதே அவர் ஆலோசனை. அதில் வியப்பு என்னவெனில், அவர் சொன்னது ஒரு வகையில் உண்மையாயிற்று. அந்த ஒருவருடைய இறப்பால் உலகம் மீட்புப் பெற்றது. கயபா அறியாமலே இறைவாக்குரைத்தார் என்று நற்செய்தியாளர் விளக்குகிறார்.

ஆயினும் மீட்பின் பயனை நன்றியோடு ஏற்றுக்கொண்ட திருச்சபை, கயபாவுக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. ஏன்? பயன் விளைந்தது என்பதனால் அதை முடிவு செய்தவரின் செயல் நியாயமாகிவிடாது. கல்வாரியில் நிகழ்ந்தது பலி என்றால், அது இயேசு தம்மையே விரும்பிக் கையளித்ததனால் பலி. கயபா கொடுத்தது தம் உயிரையன்று, இன்னொருவருடைய உயிரை. தன்னுடையதைக் கொடுப்பது தியாகம். பிறனுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது வேறு. பொதுநலத்துக்காகத் தியாகம் செய்யுங்கள் என்று மேடையில் நின்று சொல்பவருடைய வீட்டுக்குள் நீர் வருவதில்லை.

இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. மேட்டூர் அணை எழும்பிய அதே காலத்தில், நம் கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலேயர் மலைமக்களிடையே மருத்துவமும் கல்வியும் தொழிற்பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். நம் திருச்சபையைச் சாராத மறைப்பணியாளர் அவர். 1929இல் அங்கேயே காய்ச்சலில் மாண்டார். அவருடைய மனைவி எவ்லின் முதுமையில், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், மீண்டும் மலைக்கு ஏறி, தொண்ணூற்றைந்து வயதுவரை உழைத்து 1974இல் இறந்தார். கணவருக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அம்மலையில் 1914இல் பிறந்த அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கவைத்தவர். வெளியூரிலிருந்து வந்த இந்தக் குடும்பம், பலருடைய நலத்துக்காகத் தங்களைக் கொடுத்தது. வேறு எவரையும் கொடுக்கவில்லை. ஆகாய கங்கைக்குப் போகும் வழியில் இந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

சில மறுப்புகள்

‘அப்படியானால் அணையே வேண்டாமா?’ என்று கேட்கலாம். அணை வேண்டும். பசித்தவனுக்கு உணவளிப்பதும் அறமே. பொதுநலன் என்பது திருச்சபைப் போதனையின் அடித்தளங்களுள் ஒன்று. ஆனால் பொதுநலன் என்பது பெரும்பான்மையின் நலன் அன்று. குழுக்களும் தனி மனிதரும் தத்தம் நிறைவை அடைவதற்கு வேண்டிய சூழ்நிலைகளின் தொகுப்பே பொதுநலன் என்ற கருத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை விளக்கியது. அந்தத் தொகுப்பிலிருந்து ஓர் ஊரைக் கழித்துவிட்டால் அது பொது ஆகாது. ஆகவே அணை கட்டலாம். ஆனால் ஊரை இழப்பவரைக் கேட்டு, அவரும் பயனில் பங்கு பெறும்படி கட்ட வேண்டும்.

‘இழப்பீடு கொடுத்தார்களே’ என்பது அடுத்த மறுப்பு. அன்று நடப்பிலிருந்தது 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். பொதுநோக்கம் என்று அரசு அறிவித்துவிட்டால் உரிமையாளரின் இசைவு தேவையில்லை. நிலத்தில் உரிமையுடையவர்க்கு விலை கிடைக்கும். கூலிக்கு உழுதவர், பானை வனைந்தவர், பரிசல் ஓட்டியவர் ஆகியோரின் பிழைப்பைப் பற்றி அச்சட்டம் கவலைப்படவில்லை. பாதிக்கப்படுவோரின் நிலையை முன்கூட்டியே ஆய்ந்தறிய வேண்டும், நிலத்தை நம்பிப் பிழைப்பவருக்கும் மறுவாழ்வு வேண்டும் என்று சொல்லும் புதிய சட்டம் 2013இல்தான் இயற்றப்பட்டது. இடையில் கடந்தவை நூறு ஆண்டுகளுக்கும் மேல். மேலும், சில இழப்புகளுக்கு விலையே இல்லை. ஆலயம் இருந்த ஊரில் கல்லறையும் இருந்திருக்கும். நவம்பர் இரண்டாம் நாள் கல்லறைத் திருநாளன்று நாமெல்லாம் மெழுகுதிரியும் பூவும் எடுத்துச் செல்கிறோம். அந்த ஊரைவிட்டு ஏறியவர்கள் தங்கள் இறந்தோருக்கு எங்கே திரி ஏற்றியிருப்பார்கள்? நீர்க்கரையில் நின்றுதான் செபித்திருக்க வேண்டும்.

‘எல்லாம் தொண்ணூறு ஆண்டுக்கு முந்திய கதை’ என்று சொல்பவரும் உண்டு. கதை முடியவில்லை. 2018ஆம் ஆண்டில் சேலத்துக்கும் சென்னைக்கும் இடையே 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலைக்காக நிலம் அளக்க வந்தபோது நம் கிராமங்களில் எழுந்த அழுகுரலை நாம் கேட்டோம். பயண நேரம் குறையும் என்றது ஒரு பக்கம். கிணறும் தென்னையும் போகும் என்றது மறுபக்கம். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. அந்தத் திட்டத்தின் நிறைகுறைகளை இங்கே ஆராயப் புகவில்லை. ஆனால் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அன்று நாம் என்ன பேசினோம் என்பதை ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கலாம். ‘நாலு பேர் நிலம் போனால் என்ன, ஊருக்கு நல்லதுதானே’ என்று சொன்னவர் எத்தனை பேர்! கயபா எருசலேமில் மட்டும் வாழவில்லை.

மறைந்து நிற்பவனின் பார்வை

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் வாலி வதைச் சிற்பம் உண்டு. இராமன் வில்லேந்தி நிற்கும் தூணருகே நின்றால் வாலியைக் காணலாம். வாலி இருக்கும் தூணருகே நின்றால் இராமன் கண்ணுக்குத் தெரியமாட்டான். சிற்பியின் திறனை வியந்து, நாம் இரண்டு இடங்களிலும் மாறி மாறி நின்று பார்த்துத் திரும்புகிறோம். எனக்கு அது இப்போது வேறொன்றையும் நினைவூட்டுகிறது. பயன் பெறுபவன் நிற்கும் இடத்திலிருந்து இழந்தவனைக் காண முடியும், விரும்பினால் காணலாம். இழந்தவனுக்கோ யார் வில்லால் தான் வீழ்ந்தோம் என்றுகூடத் தெரிவதில்லை. பண்ணவாடிக் கரைமேட்டில் குடியேறியவர், தம் ஊர் நீரால் விளைந்த அரிசி எந்த வீட்டில் வெந்தது என்பதை எப்படி அறிவார்? எனவே பார்க்க வேண்டிய கடமை நம் பக்கத்திலேயே இருக்கிறது. ‘வேண்டிய’ என்னும் சொல்லுக்கு இதுவே பொருள் என்று எண்ணுகிறேன்.

இது குற்ற உணர்வோடு வாழச் சொல்வதன்று. அணை கட்டியதும் நாமல்லோம். ஊரைக் காலி செய்யச் சொன்னதும் நாமல்லோம். ஆனால் பெற்றுக்கொண்டவர் நாம். பெற்றுக்கொண்டவனுக்கு உரிய அறம் நன்றி. நன்றியின் முதற்படி நினைவு. திருப்பிச் செலுத்த முடியாத கடனை மறக்காதிருப்பதும் ஒருவகையில் அதைச் செலுத்துவதே. கிறிஸ்தவ வாழ்வின் மையத்தில் இருப்பதும் நினைவுதானே! ஒருவர் தம்மைக் கையளித்ததை நாள்தோறும் பீடத்தைச் சுற்றி நின்று நினைவுகூர்கிறோம்; அந்த நினைவில் அப்பத்தைப் பெறுகிறோம். யாருடைய இழப்பால் இந்த உணவு வந்தது என்று கேளாமல் உண்பது நற்கருணை மக்களுக்கு அழகன்று. 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கும்படி அழைத்தார். பண்ணவாடியில் அவ்விரண்டும் ஒரே இடத்தில் கேட்கின்றன.

நினைவு வெறும் உணர்ச்சியாக நின்றுவிடாமலிருக்க, நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு. அடுத்த முறை பங்கிலிருந்து மேட்டூருக்கு வேன் புறப்படும்போது, அணைப் பூங்காவோடு திரும்பாமல் பண்ணவாடித் துறைக்கும் போகலாம். மூழ்கிய ஊர்களிலிருந்து ஏறிவந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தக் கரைகளில் இருக்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், நாகமரைக்குப் பரிசல் ஓட்டுகிறார்கள். அவர்கள் தாத்தாமார் சொன்ன கதைகளை நம் இளைஞர்கள் கேட்டு எழுதி வைக்கலாம். கேட்பவர் இல்லாமல் அவை குறைந்துகொண்டே வருகின்றன. கல்லறைத் திருநாளன்று, கல்லறையே காணக் கிடைக்காத அந்த ஊர் மக்களுக்காக ஒரு மெழுகுதிரி கூடுதலாக ஏற்றலாம். அவர்களுள் நந்தியை வணங்கியவரும் உண்டு. திரிக்கு அந்தப் பேதம் தெரியாது. நாளை நம் ஊர்ப்பக்கம் ஒரு திட்டம் வந்து, சிலருடைய வீடு போகும் என்னும் பேச்சு எழுந்தால், ‘நாலு பேர்தானே’ என்னும் சொல் நம் வாயிலிருந்து வராதபடி காத்துக்கொள்ளலாம்.

எரியும் முட்புதரின் முன்பு மோசேயிடம் மிதியடியைக் கழற்றும்படி ஆண்டவர் சொல்ல வேண்டியிருந்தது. பண்ணவாடியில் அந்த முதியவருக்கு யாரும் சொல்லவில்லை. தாத்தாவின் வாசல் எங்கோ கிடக்கிறது என்ற நினைவு ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. அந்த வாசல் இப்போது மறுபடியும் நீருக்குள் இருக்கிறது. காவிரி இன்னும் ஒருமுறை வற்றினால் கோபுரம் வெளியே தெரியும், செய்தித்தாளில் படம் வரும், நாமும் போவோம். அப்போது படம் எடுப்பதற்கு முன்பு, அது யாருடைய ஊர் என்று ஒருவரையாவது கேட்போம்.